பஞ்சலிங்கத்துக்கு உதவி செய்தவர்கள்

பஞ்சலிங்கத்துக்கு உதவி செய்வதென்று பதினொரு பேர் கூடி ஏகமனதாகத் தீர்மானித்த நேரத்தில், பஞ்சலிங்கம் ரெக்ஸ்டேலில் ஒரு பெயின்ற் தொழிற்சாலையின் பரிசோதனை அறையில் நின்றான். அடியில் துளையுள்ள ஒரு கோப்பையில் பெயின்றை ஊற்றி, அது எத்தனை செக்கனில் ஒழுகி முடிகிறது என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அது அவனுடைய மாலை வேலை. பகலில் கம்யூனிட்டி கல்லூரி ஒன்றில் இரசாயனத் தொழில்நுட்பம் படித்து, அந்த ஏப்ரலில்தான் டிப்ளோமாவை முடித்திருந்தான். 1976ஆம் ஆண்டு மே மாதம். வயது இருபத்தைந்து.

உதவி வேண்டும் என்று அவன் ஒருவரிடமும் கேட்கவில்லை. அவன் கேட்டது ஓர் இடம். குளிர்காலத்தில் ஆறு கிழமைப் பயிற்சிக்கு என்று கல்லூரி அவனை நகரத்துப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தது. அங்கே லிண்ட்குவிஸ்ட் என்ற பேராசிரியர் அம்மையார், ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசாதவர், மூன்று மாதமாக முடிவு பிழைத்துக்கொண்டே போன ஒரு பரிசோதனையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பஞ்சலிங்கம் இரண்டாம் நாளே கரைசல் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது யன்னலோரம் இருந்து பழுதாகிவிட்டது, கபில நிறப் போத்தலில் வைத்திருக்க வேண்டும் என்றான். அம்மையார் போத்தலைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். ஆறாம் கிழமை முடிவில், "செப்டெம்பரில் இரண்டாம் ஆண்டில் சேர். இங்கே உனக்கு ஒரு மேசை இருக்கும். தொழிலாளர் தினத்துக்கு மறுநாள் காலை வரை வைத்திருப்பேன்" என்றார். ஒரு முழு நாளுக்கான வார்த்தைகள் அதில் முடிந்துபோயின. தொழிலாளர் தினம் அந்த நாட்டில் செப்டெம்பர் முதல் திங்கள்.

அந்த மேசையைத் தவிரப் பஞ்சலிங்கத்துக்கு உலகத்தில் வேறொன்றும் தேவைப்படவில்லை. ஏற்கெனவே ஒருமுறை, சாவகச்சேரியில், கைக்கெட்டிய இடத்தைப் பறிகொடுத்தவன் அவன். இரண்டாம் முறையும் போனால் பெயின்ற் கோப்பைதான் கதி.

விண்ணப்பம் போட்டான். புள்ளிகள் நன்றாக இருந்தன. பேராசிரியரின் கடிதமும் இருந்தது, ஒன்றரை வரியில். பதிவாளர் அலுவலகத்தில் முத்திரை குத்தக் கையைத் தூக்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பல்கலைக்கழகத்துக்கு மனச்சாட்சி உறுத்தியது. 'குறைவாகக் காணப்படும் சமூகங்களைச் சேர்ந்த கல்லூரி மாணவர்கள் விஞ்ஞானப் பட்டப்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் மாறிச் செல்வதற்கான உதவிக் குழு' என்று ஒன்று அமைந்தது. கடிதத்தாளின் தலையில் அந்தப் பெயர் மூன்று வரி பிடித்தது. தபாலில் வந்த விண்ணப்பங்களையெல்லாம் கிளறிப் பார்த்ததில், அந்த வகைக்குள் அகப்பட்டவன் பஞ்சலிங்கம் ஒருவன்தான். அவனுடைய கோப்பின் மேல் ஒரு மஞ்சள் கடதாசித் துண்டைக் குத்தினார்கள்.

'நிறுத்தவும். உதவி செய்யப்படுகிறது.'

ரெக்ஸ்டேலில் ஒன்பதாம் மாடியில் அவனோடு அறையைப் பகிர்ந்திருந்தவர் மோகனசுந்தரம். மதுரைக்காரர். இயந்திரப் பாகங்களுக்கு வரைபடம் போடும் வேலை. பஞ்சலிங்கத்தைவிடப் பத்து வயது மூத்தவர்.

"என்ன பஞ்சு, லெட்டரைக் கையில வச்சுக்கிட்டு கூண்டுப் புலி மாதிரி நடக்குற?"

"எனக்கு உதவி செய்யப்போகினமாம், அண்ணை."

"நல்லதுதானேய்யா?"

"முத்திரை குத்தப் போனதை நிப்பாட்டிப்போட்டு உதவி செய்யினமாம்."

மோகனசுந்தரம் கடிதத்தை வாங்கி, தொழில் பழக்கத்தில், முதலில் மூலையில் இருந்த திகதியைப் பார்த்தார். பிறகு அடியில் இருந்த கையெழுத்துகளை விரல் வைத்து எண்ணினார்.

"பதினொரு பேரு. ஒத்த ஆளத் தூக்கிவிடப் பதினொரு பேரா? எங்க ஊர்ல பொணத்துக்கே நாலு பேர்தான்யா."

ஜூன் நடுப்பகுதியில், அவனை அழைத்த முதற்கூட்டம். கருங்காலி மேசை, சுவரில் செத்துப்போன பல்கலைக்கழக வேந்தர்களின் படங்கள், வெள்ளரிக்காய் சான்ட்விச். பஞ்சலிங்கம் வாசலுக்குக் கிட்ட இருந்த நாற்காலியில் உட்காரப் போனான். செயலாளர் திருமதி பில்கிங்டன் பாய்ந்து வந்து தடுத்தார். அது, வர முடியாமற்போன சமூகங்களுக்காக ஒதுக்கப்பட்டது. அப்படி ஒன்பது நாற்காலிகள் வெறுமையாக இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தண்ணீர்க் கிளாஸ். பஞ்சலிங்கத்துக்கு ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

தலைவர் கலாநிதி விற்கம் எழுந்தார். நிலவியல் பேராசிரியர். ஆனால் பதினைந்து வருடமாக எந்தக் கல்லையும் தொட்டதில்லை என்று பேச்சு.

"தங்கள் பெயரைப் பிழையாக உச்சரித்துத் தங்களை அவமதிக்க நான் விரும்பவில்லை. ஆகையால் அதை உச்சரிக்கவே போவதில்லை. தாங்கள் எங்களுக்கு 'நமது மாணவர்'." சுற்றிவர இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். "நமது மாணவரே, நீண்ட காலமாக இந்த நிறுவனத்தின் கதவுகள் உங்களைப் போன்றவர்களுக்கு மூடியிருந்தன. அதை நினைத்து நாங்கள் வெட்கப்படுகிறோம். எனவேதான் அந்தக் கதவுக்கு முன்னால் இந்தக் குழுவை நிறுத்தியிருக்கிறோம்."

பஞ்சலிங்கத்தின் வலது கால் மேசைக்கடியில் தானாக ஆடத் தொடங்கியது. பொறுக்க முடியாத இடங்களில் அது அப்படித்தான் செய்யும்.

"ஐயா, போன மாதம் கதவு திறந்துதான் இருந்தது. முத்திரை குத்தப் போனார்கள்."

கலாநிதி விற்கம் அன்போடு சிரித்தார். "அது சும்மா திறந்திருந்த கதவு. அதற்குள்ளால் எவரும் போயிருக்கலாம். நாங்கள் தங்களுக்கென்றே திறக்கப் போகிறோம்."

கதவு திறப்பதற்கு முன்னேற்பாடாக 'வளாகப் பரிச்சயம்' என்று ஒரு பயிற்சி. செவ்வாயும் வியாழனும். முதற்கிழமை நூலகத்தின் கதவு எந்தப் பக்கம் தள்ளினால் திறக்கும் என்று காட்டினார்கள். இரண்டாம் கிழமை சிற்றுண்டிச்சாலையில் தட்டை எடுத்து வரிசையில் நகரும் முறை. மூன்றாம் கிழமை சோதனைக்குழாய். கிரெய்க் என்ற இரண்டாம் ஆண்டு மாணவன் வந்து, "இதற்குப் பெயர் சோதனைக்குழாய், பயப்படாதீர்கள்" என்று சொல்லி, குழாயின் வாயைத் தன் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு சூடுகாட்டத் தொடங்கினான். பஞ்சலிங்கம் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து மற்றப் பக்கம் திருப்பினான். குழாயில் இருந்தது பொங்கிச் சுவரில் தெறித்தது. கிரெய்க்கின் மூக்கு தப்பியது.

அதைப்பற்றிக் குழுவுக்குப் போன அறிக்கையை அவனுக்கும் ஒரு பிரதி அனுப்பினார்கள். 'மாணவர் உதவியை ஏற்றுக்கொள்வதில் தயக்கம் காட்டுகிறார். மேலும் நான்கு கிழமை நீடிப்பது நல்லது.'

ஜூலை கடைசியில், படித்த பாடங்களை ஒப்புநோக்கும் உபகுழு. அதற்குப் பொறுப்பு கலாநிதி ஹார்கோர்ட். புள்ளிவிபரவியலாளர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் வாசிப்பார்.

"பகுப்பாய்வு இரசாயனம். பாடநூல் ஒன்றே. செய்முறைகளும் ஒன்றே. ஆனால் இந்தப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆய்வுகூடத்தில் முப்பத்தாறு மணித்தியாலம். தங்கள் கல்லூரியில் தொண்ணூறு."

"ஓம் ஐயா. கூடுதலாகச் செய்திருக்கிறேன்."

"அதுதான் சிக்கல். எங்கள் விதி 'சமமான பாடம்' என்று சொல்கிறது. குறைந்தாலும் சமமில்லை, கூடினாலும் சமமில்லை. ஐம்பத்து நான்கு மணித்தியாலம் மிகுதியாக நிற்கிறது."

"அதை என்ன செய்வது?"

ஹார்கோர்ட் யோசித்தார். கெட்ட மனிதர் அல்ல அவர். ஒரு வழி கண்டுபிடிப்பதற்காக முழுதாக இருபது நிமிடம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிகுதி மணித்தியாலங்களில் கற்றதைத் தாங்கள் மறந்துவிட்டதாக ஒரு சத்தியக் கடதாசி தர முடியுமா?"

பஞ்சலிங்கம் கொடுத்தான். எல்பர்ட் என்ற கிழட்டு நொத்தாரிசுக்கு முன்னால் வலது கையை உயர்த்தி, ஐம்பத்து நான்கு மணித்தியாலப் பகுப்பாய்வு இரசாயனத்தைத் தான் அடியோடு மறந்துவிட்டதாகச் சத்தியம் செய்தான். "எந்தப் பகுதியை மறந்தாய்?" என்று நொத்தாரிசு கேட்டார். "அது ஞாபகமில்லை" என்றான். நொத்தாரிசு திருப்திப்பட்டுக் கையெழுத்து வைத்தார்.

ஓகஸ்ட் நடுவில் ஒருநாள் கால் பொறுக்காமல் ஆய்வுகூடத்துக்குப் போனான். லிண்ட்குவிஸ்ட் அம்மையார் எதையோ வடிகட்டிக்கொண்டிருந்தார். மூலையில் மேசை இருந்தது. அதன் மேல் ஒரு புதிய வெள்ளை மேலங்கி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"இது ஆருடையது?" பதற்றத்தில் தமிழில் கேட்டுவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் கேட்டான்.

"ஒட்டாவாவிலிருந்து ஒருவர். அவரும் கேட்கிறார்."

  வடிதாளிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் சத்தத்தை இரண்டு பேரும் நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மனிதர்கள் பேசிப் பேசி அவனைக் களைக்கப்பண்ணிய அந்த மூன்று மாதத்தில், அவனுக்கு ஆறுதலாக இருந்த பத்து நிமிடம் அது ஒன்றுதான்.

"செப்டெம்பர் ஏழு, செவ்வாய் காலை" என்றார் அவர் கடைசியில்.

இறுதியாக இருந்தது ஏழாம் இலக்கப் படிவம். மாணவர் தன் வாழ்வில் அனுபவித்த இடர்களைத் தன் கைப்பட இரண்டு பக்கத்தில் எழுத வேண்டும். அதை வைத்துத்தான் இறுதி முடிவு.

"எழுது. நல்லாப் பிழிஞ்சு எழுது" என்றார் மோகனசுந்தரம். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னத்தை எழுதுறது, அண்ணை?"

"மண்ணெண்ணெய் வெளக்குல படிச்சேன்னு எழுது."

"எங்கடை வீட்டிலை கரண்ட் இருந்தது."

"இருந்தா என்ன? அணைச்சுட்டு எழுது. பள்ளிக்கூடத்துக்கு எட்டு மைல் நடந்தேன்னு போடு."

"பள்ளிக்கூடம் வீட்டுக்கு முன்னாலை."

"யோவ், நீ என்னதான்யா கஷ்டப்பட்ட?"

பஞ்சலிங்கம் பேனாவை மூடித் திறந்து மூடினான். பொய் எழுத அவனுக்கு வராது. சத்தியக் கடதாசி கொடுத்ததுதான் அவன் எழுதிய ஒரே பொய், அதுவே அவனை இரண்டு நாள் சாப்பிட விடாமல் செய்தது. இறுதியில், நடந்ததை எழுதினான். உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞான பீடத்துக்குப் போதுமான புள்ளி எடுத்தேன். விஞ்ஞானம் படிக்கிறவர்களில் எங்கள் ஆட்கள் அளவுக்கு மிஞ்சிவிட்டார்கள் என்று சொல்லி, எங்கள் மொழியில் எழுதியவர்களுக்கு வெட்டுப்புள்ளியை உயர்த்தினார்கள். நான்கு புள்ளியால் எனக்கு இடம் இல்லாமற்போனது. அவ்வளவுதான். ஒரு பக்கமும் வரவில்லை.

ஓகஸ்ட் இருபத்தாறாம் திகதி குழு கூடியது. கலாநிதி விற்கம் அதைத் தன் குரலை இறக்கி, ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் நின்று, வாசித்தார். "நான்கு புள்ளியால்" என்ற இடத்தில் ஒரு அங்கத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருமதி பில்கிங்டன் சுருக்கெழுத்தை நிறுத்திவிட்டார். பஞ்சலிங்கத்தின் கால்கூட ஆடாமல் நின்றது. கதவு திறக்கிறது என்றுதான் அவனும் நினைத்தான்.

"ஒரு சிறிய தொழில்நுட்பக் கேள்வி" என்றார் கலாநிதி ஹார்கோர்ட், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "விஞ்ஞானத்தில் தங்கள் சமூகத்தினர் அளவுக்கு மிஞ்சிக் காணப்படுகிறார்கள். இப்படிச் சொன்னது யார்?"

"அரசாங்கம், ஐயா."

"கணக்கெடுத்துச் சொன்னதா?"

"ஓம். அவர்கள் கணக்குப்படி."

"அப்படியானால்," ஹார்கோர்ட் மேசையைச் சுற்றிப் பார்த்தார், "நமது மாணவர் குறைவாகக் காணப்படும் சமூகத்தைச் சேர்ந்தவர் அல்லர். மிகையாகக் காணப்படும் சமூகத்தைச் சேர்ந்தவர். அவரே எழுத்தில் தந்திருக்கிறார்."

 ஒன்பது தண்ணீர்க் கிளாஸும் அசையாமல் இருந்தன.

"ஐயா, அது அங்கே. இங்கே நான் ஒருவன்தானே?"

"ஒருவரை வைத்துப் புள்ளிவிபரம் செய்ய முடியாது" என்றார் ஹார்கோர்ட், மெய்யான வருத்தத்தோடு.

கலாநிதி விற்கம் எழுந்து நின்றார். அவருடைய முகம் மலர்ந்திருந்தது.

"நண்பர்களே, இதை ஒரு துயரமாக நான் பார்க்கவில்லை. உதவி தேவைப்படும் என்று நாங்கள் நம்பிய ஒருவருக்கு அது தேவையே இல்லை என்று கண்டிருக்கிறோம். ஓர் அரசாங்கமே தன் முழு வலுவையும் பிரயோகித்து அவருடைய சமூகத்தின் வெற்றியை எண்ணிச் சட்டமாக்கியிருக்கிறது. நாங்கள், வெறும் பதினொரு பேர், அதைவிடக் கவனமாக எண்ணிவிட முடியுமா? நமது மாணவரே, வாழ்த்துகள்."

கைதட்டினார்கள். ஒருவர் வந்து கைகுலுக்கினார்.

"அப்படியென்றால் என் விண்ணப்பம்?"

"மேன்முறையீட்டு உபகுழு நவம்பரில் கூடும்."

"செப்டெம்பர் ஏழு, செவ்வாய்க்கிழமை மேசை போய்விடும், ஐயா. அந்த மஞ்சள் துண்டை எடுத்துவிட்டால் போதும். நான் பொது வரிசையில் போய் நிற்கிறேன்."

"அது உதவியின் அடையாளம் அல்லவா? அகற்றுவதற்கு விதி இன்னும் எழுதப்படவில்லை. இதிலிருந்து எவரும் வெளியே போவார்கள் என்று நாங்கள் எதிர்பார்த்திருக்கவில்லை."

கூட்டம் முடியும் தறுவாயில் ஹார்கோர்ட் இன்னொரு விஷயத்தைக் கிளப்பினார். ஆண்டறிக்கையில் 'உதவி பெற்றவர் ஒருவர், மாறிச் சென்றவர் சைபர்' என்று வந்தால் பார்ப்பவர்களுக்கு அது தோல்வி மாதிரித் தெரியும். அதைத் தவிர்க்க ஒரு வாசகம் சேர்த்தார்கள். பஞ்சலிங்கம் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் அப்போதே படியிறங்கிக்கொண்டிருந்தான்.

அன்றைக்குச் சப்வேயில் ஏறாமல் நடந்தான். எங்கே போகிறோம் என்றில்லாமல் தெருத் தெருவாக நடந்தான். பத்தொன்பது வயதில் சாவகச்சேரித் தபாற்கந்தோருக்கு முன்னால் கடிதத்தைப் பிரித்தபோது வந்த அதே வசனம், பாதி உலகம் கடந்து வந்து, வாழ்த்துகள் என்று சொல்லிக் கைகுலுக்கியிருக்கிறது. 'நீங்கள் கூடிப்போனீர்கள்.' அங்கே அதைச் சொன்னவர்களுக்கு ஒரு கோபமாவது இருந்தது. கோபத்தோடு சண்டை பிடிக்கலாம். கைதட்டுகிறவனோடு என்ன செய்வது? இந்த நகரத்தில் தன் பாஷை பேசுகிற இன்னொரு மனிதனைப் பார்க்க அவன் சில வேளை ஒரு கிழமை காத்திருக்க வேண்டும். பஸ்ஸில் கறுத்த தலை ஒன்று தெரிந்தால் எட்டிப் பார்ப்பான். அவன்தான் அளவுக்கு மிஞ்சியவன். ஒரு கடைக் கண்ணாடியில் தன்னைக் கண்டபோது, எண்ணிப் பார்த்தான். ஒன்று.

செப்டெம்பர் இரண்டாம் திகதி, வியாழன் பின்னேரம், கூட்டக் குறிப்பின் பிரதி தபாலில் வந்தது. திருமதி பில்கிங்டன் எந்த நிலையிலும் பிரதி அனுப்பத் தவறாதவர். பஞ்சலிங்கம் அதைப் பிரிக்காமலே குப்பைக்குள் போடப் போனான். சமைத்துக்கொண்டிருந்த மோகனசுந்தரம் அதைப் பிடுங்கிப் பிரித்து அவனிடமே நீட்டினார்.

"செத்தாலும் சர்ட்டிபிகேட்டப் படிச்சுட்டுத்தான்யா சாகணும். படி."

"என்னத்தைப் படிக்கிறது? 'மேற்படி மாணவர் இக்குழுவின் வரையறைக்குள் வரமாட்டார். அவர் எக்காலத்திலும் வந்திருக்கவுமில்லை. குழு அவர் தொடர்பாக எந்த நடவடிக்கையும் எடுத்திருக்கவில்லை எனப் பதிவு செய்யப்படுகிறது.' நான் அங்கை போகவே இல்லையாம், அண்ணை. மூண்டு மாசம். சோதனைக்குழாய் காட்டினவங்கள்."

"கடைசி வரியத் திரும்பப் படி."

"எந்த நடவடிக்கையும் எடுத்திருக்கவில்லை."

மோகனசுந்தரம் கரண்டியைக் கீழே வைத்தார். "எங்க ஆபீஸ்ல ஒரு டிராயிங்க ரத்துன்னு சீல் போட்டா, அது பொறந்ததே இல்லன்னு அர்த்தம். அதக் காட்டிக் கீழ பட்டறையில ஒரு போல்ட்டக்கூட நிறுத்தி வைக்க முடியாது."

பஞ்சலிங்கம் காகிதத்தைப் பார்த்தான்.  கரைசலை வெளிச்சத்தில் பிடித்தமாதிரி அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

"அப்ப அந்த மஞ்சள் துண்டைக் குத்தினது ஆர்?"

"யாருமே இல்லய்யா" என்றார் மோகனசுந்தரம். "காத்துல பறந்து வந்து ஒட்டிக்கிச்சு."

மறுநாள் வெள்ளி. நீண்ட வாரவிடுமுறைக்கு முந்திய நாள். பதிவாளர் அலுவலகத்தில் நான்காம் இலக்க யன்னல் ஒன்றுதான் திறந்திருந்தது. வரிசை வாசலைத் தாண்டிப் படிக்கட்டு வரை நின்றது. பஞ்சலிங்கம் இரண்டரை மணித்தியாலம் நின்றான். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றான். அவனைச் சுற்றி நின்றவர்களை ஒருவரும் வரவேற்கவில்லை, ஒருவரும் வாழ்த்தவில்லை, ஒருவரும் பரிச்சயப்படுத்தவில்லை. அது அவனுக்குப் பெரிய சுகமாக இருந்தது.

யன்னலுக்கு அப்பால் இருந்த பெண் காதில் பென்சிலைச் செருகியிருந்தாள். கோப்பை எடுத்து வந்து விரித்தாள்.

"இதில் நிறுத்தவும் என்று ஒரு துண்டு இருக்கிறதே. நீங்கள் அந்தக் குழுவின் ஆளா?"

"இல்லை. எக்காலத்திலும் இல்லை" என்று சொல்லிக் கூட்டக் குறிப்பை நீட்டினான்.

அவள் ஒரு வரி வாசித்தாள். இரண்டாம் வரியில் கண் களைத்துவிட்டது. "இதன் சுருக்கம் என்ன?"

"எங்கள் ஆட்கள் அளவுக்கு மிஞ்சிவிட்டார்களாம்."

அவள் அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "இன்றைக்கு எல்லாரும்தான் அளவுக்கு மிஞ்சி வந்திருக்கிறார்கள். நான் நான்கு மணிக்குப் போக வேண்டும்" என்று சொல்லி, மஞ்சள் துண்டைக் கிழித்துக் கூடைக்குள் போட்டாள். புள்ளிகளைப் பார்த்தாள். பேராசிரியரின் ஒன்றரை வரியைப் பார்த்தாள். முத்திரையைத் தூக்கிக் குத்தி, அனுமதிக் கடிதத்தை நீட்டினாள்.

எல்லாமாக நான்கு நிமிடம். பஞ்சலிங்கம் நகரவில்லை.

"வேறு படிவம்?" என்று கேட்டான்.

"இல்லை."

"சத்தியக் கடதாசி ஏதாவது?"

"எதற்கு?" அவள் அவனைத் தாண்டிக் கூப்பிட்டாள். "அடுத்தவர்!"

செவ்வாய் காலை ஏழரைக்கே ஆய்வுகூடத்து வாசலில் நின்றான். லிண்ட்குவிஸ்ட் அம்மையார் எட்டுக்கு வந்தார். கடிதத்தைப் பார்த்தார். உள்ளே போய், மேசையில் இருந்த மேலங்கியை எடுத்து வேறொரு கொழுக்கியில் மாட்டிவிட்டு வந்தார். அன்று முழுக்க இரண்டு பேரும் பேசவில்லை.

குழு அவனை மறந்துவிடவில்லை. அடுத்த வருடம், 1977 மே மாதத்தில், ஒரு கடிதம் வந்தது. குழுவில் மாணவர் பிரதிநிதி ஒருவர் குறைவாக இருப்பதாகவும், இந்தப் பிரச்சினையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத நடுநிலையாளர் ஒருவர் தேவை என்றும், கூட்டக் குறிப்புகளின்படி அவனே அதற்குப் பொருத்தமானவன் என்றும் எழுதியிருந்தது. பன்னிரண்டாவது அங்கத்தவன்.

போனான். மோகனசுந்தரம் "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டார்.

அந்த வருடத்து விண்ணப்பதாரியின் பெயரைக் குழு முன்கூட்டியே கல்லூரியிடம் கேட்டு எடுத்திருந்தது. வேர்ணா என்ற யமேக்காப் பெண். இலத்திரனியல் படித்தவள், பெளதிகத்துக்கு மாற விரும்புகிறாள். அவளுடைய விண்ணப்பம் தபாலில் வந்ததும் குத்துவதற்கு மஞ்சள் துண்டு தயாராக இருந்தது. சான்ட்விச்சும் தயாராக இருந்தது. பதினொரு மணி ஆனது. பதினொன்றரை ஆனது. வேர்ணா வரவில்லை. தபாலிலும் ஒன்றும் வரவில்லை.

மூன்று நாளைக்கு முந்திப் பஞ்சலிங்கம் தன் பழைய கல்லூரிக்குப் போய், அவளை ஆய்வுகூட வாசலில் கண்டு, ஐந்தே ஐந்து வசனம் பேசியிருந்தான். தபாலில் போடாதே. கையில் கொண்டு போ. காலையில் போ. நான்காம் யன்னல். எவராவது உதவி வேண்டுமா என்று கேட்டால் இல்லை என்று சொல். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆறாவதாக ஒன்றும் கேட்காமல் போனாள். இப்போது பெளதிகப் பிரிவில் செப்டெம்பருக்கு அவளுக்கு இடம் இருந்தது.

கலாநிதி விற்கம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"வரமாட்டார்கள், நண்பர்களே. நாங்கள் எவ்வளவு கையை நீட்டினாலும் அவர்கள் வரமாட்டார்கள். தன்னம்பிக்கையின்மை என்பது எவ்வளவு ஆழமானது என்பதற்கு இந்த அமைதியே சாட்சி. எங்களுடைய பணி எவ்வளவு அவசியம் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. குழுவை மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீடிக்கவும், அங்கத்தவர்களை இருபதாக உயர்த்தவும், கிழமைக்கு ஒருமுறை என்றில்லாமல் நாளாந்தம் கூடவும் நான் பிரேரிக்கிறேன். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை."

ஹார்கோர்ட்கூடக் கொஞ்சம் தயங்கினார். நாளாந்தம் என்றால் வேறு வேலை ஒன்றுக்கும் நேரம் இராது, இந்த அறையை விட்டுப் பதிவாளர் அலுவலகம் வரைகூட நகர முடியாது என்றார்.

பஞ்சலிங்கம் அந்தக் குழுவில் அங்கத்தவனான பிறகு அதுவரை வாயே திறந்ததில்லை. இப்போது எழுந்து நின்று, பிரேரணையை ஆமோதித்தான்.